ஓடையில் ஜீப் மாட்டவேண்டிய நாள்

ஐம்பதுகளில் நான் ஒரு சர்க்கார் ஜீப்புக்கு டிரைவர். ஜீப் யுத்தத்தில் ஓடி ஓய்ந்தது. என் கர்வத்துக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே காட்டுக்குள் ஒரு மைல் மாட்டுவண்டித் தடம். அதைத் தாண்டி ஒரு கிராமம். ரோடு கேட்டு அந்த ஊர்க்காரர்கள் மனுமேல் மனு போட, தடத்தைப் பார்வையிட ஓர் அதிகாரியை அழைத்துப் போனேன். வழிகாட்ட அவர்களில் ஒரு விவசாயி கவரைப்பேட்டையில் ஏறிக்கொண்டார். அதிகாரி நாஷ்டாவுக்கு இறங்கிய நேரம் பார்த்து என் காதருகே வந்தார்.

“நைனா, ஓடையாண்ட வண்டிய மாட்ட வுட்டுடு. அய்யா எறங்கி நடந்தாத்தான் எங்க பேஜாரு புரியும். போன மழையில ஒரு புள்ளத்தாச்சிய கட்டில்ல வச்சு தூக்கினு வந்தோம். ஓடைய தாண்டறதுக்குள்ள செத்துப் பூட்டா.”

சரியென்று தலையாட்டினேன். மனதார ஆட்டியதாகத்தான் இன்றும் நம்புகிறேன்.

காடு தொடங்கியதும் என் கைகள் என் பேச்சைக் கேட்கவில்லை. வண்டிச் சக்கரங்கள் அறுத்த பள்ளங்களில் இறங்காமல், ஒரு பக்கச் சக்கரங்களை நடுமேட்டிலும் மறுபக்கத்தை ஓரத்திலும் ஏற்றி ஓட்டினேன். பாறைச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் முதல் கியரிலேயே இறக்கினேன். ஓடை வந்தது. முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் கியரைப் போட்டு, ஒரே மூச்சில் மணலைக் கடந்தேன். மறுகரை ஏறிய பிறகுதான் செத்துப்போனவள் ஞாபகத்துக்கு வந்தாள். வெட்கமாக இருந்தது.

ஊர் ஜனம் மாலையோடு நின்றது. அதிகாரி சட்டை கசங்காமல் இறங்கினார்.

“ஜீப் ஜம்முனு வருதே! ரோடு எதுக்கு?”

விவசாயி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

திரும்பும்போது பாவத்தைக் கழுவுவதென்று முடிவு செய்தேன். ஓடை நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தேன். அச்சுவரை புதைந்தது. இனி இறங்கித்தானே ஆகவேண்டும்? அவர் இறங்கவில்லை. வழியனுப்பப் பின்னாலேயே வந்த ஊர்க்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவரோடு சேர்த்து ஜீப்பைத் தூக்கிக் கரையேற்றினார்கள்.

“இப்ப மாட்டி இன்னா பண்றது நைனா?” என்றார் விவசாயி, முழங்காலெல்லாம் மணலாக.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “காலையில வந்த அதே வழிதானே? உனக்குத்தான் ஓட்டத் தெரியல.”

ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினார். அந்த ஊருக்கு ரோடு வரவில்லை. எனக்கு ஒரு மாதம் டிரைவிங் பயிற்சி கொடுத்தார்கள்.