பெயர் சொல்லாத தட்டு

அந்தக் காலத்துக் கிராமபோன் தட்டுகள் சிலவற்றில் பாட்டு முடிந்ததும் பாடியவள் தன் பெயரைச் சொல்லுவாள். ஆர்மோனியம் ஓய்ந்து வெறும் இரைச்சல் கேட்கும்போது, நான்தான் பாடினேன் என்று பெயர் வரும். எங்கள் ஊரார் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. என் அக்காவின் தட்டில் அந்த இடத்தில் இரைச்சல் மட்டும்தான் இருக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் ஊரான பழுகாமத்தில் அக்கா பாடாத ஊஞ்சல் இல்லை, தாலாட்டாத தொட்டில் இல்லை. கோயிலில் பெண்களுக்குக் குரவை போடத்தான் இடம். கூத்துக் களரியில் மீசை மழித்த ஆண்கள் சேலை கட்டி ராணி வேஷம் ஆடுவார்கள். நிஜப் பெண்கள் பாயில் குந்தியிருந்து பார்ப்போம். குரல் நல்லதாக இருந்தாலும் அவ்வளவுதான்.

காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி ஒருவர், காக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், அறுவடைக்கு நெல் வாங்க எங்கள் பக்கம் வருவார். டவுனில் தட்டுக் கடையும் அவருக்கு இருந்தது. முற்றத்தில் நின்று அக்காவின் தாலாட்டைக் கேட்டவர், கொழும்புக்குத் தட்டுக் கம்பெனிக்காரர் வந்திருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். எங்கள் பகுதியில் பெண் பிள்ளையின் காரியம் தாயோடு பிறந்தவனின் சொல்லில் நிற்கும். அம்மானைக் கூப்பிட்டோம்.

“மிசினுக்கு முன்னாலதானே பாடப் போறாள். ஆம்பிளையளா வந்து இருந்து பாக்கப் போறாங்க?” என்றார் அம்மா.

அம்மான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “பாடட்டும். பேரை மட்டும் சொல்லப்படாது. பேர் இல்லாட்டி அது ஆர்ர பாட்டு? ஒருத்தர்ர பாட்டுமில்ல.”

எங்கள் ஆட்களின் புத்தி இதுதான். முகம் தெரிந்தால் மானக்கேடு, பெயர் தெரிந்தால் மானக்கேடு, குரலுக்கு மட்டும் சொந்தக்காரி இல்லை என்று நினைத்தார்கள். வாவிக்கு அக்கரையில் தோணிக்காரன் கூப்பிட்டால், குரலை வைத்தே இன்னாரென்று சொல்லுகிற ஊர் அது.

அம்மாவும் அக்காவும் நானும் ரயிலில் போனோம். கொழும்பில் சுவரெல்லாம் கம்பளம் தொங்கவிட்ட ஒரு அறை. அங்கே ஒரு கதிரையில், தன் முறைக்காகக் காத்துக்கொண்டு அவர் இருந்தார். தமிழ்நாட்டு நாடகக்காரி. அவருடைய தட்டு இல்லாத பாட்டுப்பெட்டியை நான் கண்டதில்லை. தன் பெயரில் நாடகக் கம்பெனி நடத்தி, ஆண் நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர். மட்டக்களப்புக்கு அவருடைய நாடகம் வந்தபோது எங்கள் ஆண்கள் விதைநெல்லை விற்று முன்வரிசை பிடித்தார்கள். வீட்டுக்கு வந்து அவரை வேசி என்றார்கள். இரண்டையும் ஒரே வாயால் செய்தார்கள்.

அக்கா பாடினாள். அறையில் ஒருவரும் அசையவில்லை. பாட்டு முடிந்தது, மிசின் ஓடிக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்லு என்று நாடகக்காரி கையால் காட்டினார். அக்காவின் வாய் திறந்தது. அம்மா தலையை ஆட்டினார். வாய் மூடிக்கொண்டது.

மிசின் நின்றதும் அவர் கேட்டார். “ஏம்மா, பேரு சொல்லலை?”

“சொல்லப்படாதாம்.”

“யாரு சொன்னது?”

“அம்மான்.”

“உங்க மாமனா பாடினாரு?”

ஆர்மோனியக்காரர் சிரித்துவிட்டார். நாடகக்காரி சிரிக்கவில்லை. “நான் பேரைச் சொல்லித்தான் சோறு திங்கிறேன். பேரு சொல்லாத பாட்டை எவன் வேணும்னாலும் ஓட்டிக்கிட்டுப் போயிடுவான். மதராசுக்கு வா. என் வீட்டுலயே இரு. உன்னைப் பாட வைக்கிறது என் பொறுப்பு.”

திரும்பி வரும்போது, அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து அக்கா என் காதுக்குள் சொன்னாள்: “போகத்தான் போறன் புள்ள. மறுகா அங்க பாடக்குள்ள பேரும் சொல்லுவன்.”

தட்டு வந்தது. ஒட்டியிருந்த தாளில், ‘ஒரு குலஸ்திரீ பாடியது’ என்று அச்சடித்திருந்தார்கள். வியாபாரி அதைக் கடை வாசலில் நாள் முழுக்கப் போட்டார். ஒருநாள் அம்மான் அந்த வழியாக வந்தார். வாசலில் மாட்டுக் கரத்தைக்காரர்கள் கூடி நின்றார்கள்.

“காக்கா, அவளை இன்னொருக்காப் போடுங்க!”

“ஆரு அவள்?” என்றான் இன்னொருத்தன்.

“தெரியாதா? எங்கட பழுகாமத்துப் புள்ளதான். இந்தக் குரலை நான் தோணியில போகக்குள்ள எத்தினை தரம் கேட்டிருக்கன்.”

அம்மான் கடையில் இருந்த தட்டுகளை எல்லாம் வாங்கிவந்து எங்கள் உரலில் போட்டு உலக்கையால் இடித்தார். அக்கா தடுக்கவில்லை. எப்படித் தடுப்பாள்? பிறகு எத்தனை தரம் உரலைக் கழுவினாலும் இடித்த மாவில் கறுப்புத் துகள் கிடந்தது. அதையும் பொறுக்கியது அக்காதான்.

அந்தப் போகம் முடியுமுன் அம்மானின் மகனுக்கே அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். முறை மச்சான். எங்கள் வழக்கப்படி வீடு அக்கா பெயரில், வயல்வட்டை அக்கா பெயரில், மச்சான்தான் வந்து குடியிருந்தார். காணி உறுதிப் பத்திரத்தில் எழுதலாம் அவள் பெயரை. தட்டில் சொல்லக் கூடாது.

நாடகக்காரி மறக்கவில்லை. மதராசுக்கு வரச்சொல்லி வியாபாரியிடம் ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தார். அதைச் சொல்ல வந்த வியாபாரியை மச்சான் வாசல் படலைக்கு உள்ளே விடவில்லை. “அவ இப்ப குடும்பக்காரி. பாட்டுக்கீட்டெல்லாம் விட்டாச்சு. நெல்லு வேணுமெண்டா மட்டும் வாங்க.”

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டாள். அவளுடைய குழந்தை என் இடுப்பில் இருந்தது. நான் வாய் திறந்திருந்தால் என்னையும் படலைக்கு வெளியே விட்டிருப்பார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கும். அதற்குப் பிறகு தாலாட்டைக்கூட முணுமுணுக்கத்தான் மச்சான் விட்டார். வெளியே ஒழுங்கையில் போகிறவர்கள் நின்று கேட்கிறார்களாம்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் நெல் விலை ஏறியது. மச்சான் ஒரு பாட்டுப்பெட்டி வாங்கினார். நாடகக்காரியின் தட்டுகளை வாங்கினார். எங்கேயோ தேடி, உரலுக்குத் தப்பிய அக்காவின் தட்டொன்றையும் வாங்கிவந்தார். வெட்கம் என்ற ஒன்று அவருக்கு இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஒரு பின்னேரம் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மச்சான் நாடகக்காரியை இரண்டு தரம் போட்டார். பிறகு அக்காவைப் போட்டார். நானும் அக்காவும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு குசினியில் நின்றோம். பாட்டு முடிந்து இரைச்சல் கேட்டது.

“என்ன குரல் ஐயா இது!” என்றார் வந்தவர். “ஆர் இவ? பேர் சொல்லேல்லையே?”

“ஆரோ ஒருத்தி. செத்துப் போயிட்டாவாம்.”

“அநியாயம். இன்னொருக்காப் போடும், கேப்பம்.”

மச்சான் பெட்டிக்குச் சாவி முறுக்கும் சத்தம் கேட்டது. அக்கா தேத்தண்ணித் தட்டத்தைக் கையில் எடுத்தபடி நின்றாள். பாட்டு முழுவதும் நின்றாள். கடைசியில் அந்த இரைச்சல் வந்தபோது, கொழும்பில் திறந்ததுபோலவே அவள் வாய் திறந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சத்தம் வரவில்லை.

“தேத்தண்ணி எங்க?” என்று மச்சான் கத்தினார்.

“வாறன்” என்றாள் அக்கா.

தட்டில் கேட்ட அதே குரல்தான். அவள் போய்க் கோப்பையை வைத்தாள். வந்தவர் பெட்டியைப் பார்த்தபடியே கையை நீட்டி எடுத்துக்கொண்டார்.