சுடாமல் நின்ற பன்னிரண்டு பேர்

ஒல்லாந்தர் கோட்டையில் நான் சேவகனாக இருந்த காலம் அது. துப்பாக்கி தூக்கிய தமிழர்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். பாதிப்பேர் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை வாடைக்காற்று பலமாக அடித்தது. தூரக் கடலில் நின்ற கப்பலுக்குத் துணிப்பொதிகளைத் தோணியில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். முகத்துவாரத்தில் அலை ஆள் உயரத்துக்கு எழுந்து விழுந்தது. காற்று அடங்கட்டும், பிறகு போகிறோம் என்றார்கள் தோணிக்காரர்கள். கோட்டை அதிகாரிக்குப் பொறுமை இல்லை. எங்களைக் கரையில் வரிசையாக நிறுத்தி, தோணியில் ஏற மறுப்பவனைச் சுடச் சொன்னார். துபாஷி மணலைப் பார்த்தபடி அதைத் தமிழில் சொன்னார்.

எதிரே நின்ற தோணிக்காரர்களில் முன்னால் நின்றவர் என் மாமனார். அவர் என்னைக் கெஞ்சவில்லை, திட்டவுமில்லை.

"இன்னா மாப்ள, நீயே சொல்லு. இந்தத் தண்ணில தோணி எறக்க முடியுமா?" என்று கேட்டார்.

நான் கடலைப் பார்த்தேன். குப்பத்தில் பிறந்தவனுக்கு அதற்குப் பதில் தெரியாதா? "முடியாது மாமா" என்றேன். சொன்ன பிறகு கையில் துப்பாக்கியை வைத்திருப்பது வெட்கமாக இருந்தது. மணலில் படுக்க வைத்தேன். என் பக்கத்தில் நின்றவனும் வைத்தான். பிறகு ஒவ்வொருவராக. கடலோரத்தைச் சேராத, உள்நாட்டிலிருந்து வந்த ஒருவன் மட்டும் குறிபார்த்தபடி வெகுநேரம் நின்றான். கடைசியில் அவனும் இறக்கினான்.

எங்களைக் கோட்டைக்குள் ஓர் அறையில் மூன்று நாள் பூட்டி வைத்தார்கள். என் மனைவி மூன்று நாளும் மடவை மீன் குழம்பு கொண்டுவந்தாள். முதல் நாள் என்னை ஏறிட்டுப் பார்த்து, "எங்க நைனா உன்னைப் பத்தி ஊரெல்லாம் சொல்லினு கீறாரு" என்று மட்டும் சொன்னாள். மூன்றாம் நாள் காற்று அடங்கியதும் தோணிக்காரர்கள் தாங்களாகவே வந்து பொதிகளை ஏற்றிக் கப்பலை அனுப்பினார்கள். சரக்குப் போய்ச் சேர்ந்ததால் அதிகாரியின் கோபமும் தணிந்தது. எங்களை வெளியே விட்டார்கள். என்னைத் துப்பாக்கி வேலையிலிருந்து எடுத்து, கொடிமரத்தடியில் கப்பல் வருகிறதா என்று பார்க்கும் வேலையில் போட்டார்கள். தண்டனை என்றுதான் சொன்னார்கள்.

ஊரார் என்னைத் தைரியசாலி என்றார்கள். ஆனால் ஒன்று எனக்கு மட்டும் உறுத்தியது. அதற்கு முந்தைய வருஷம், வேறு ஊரில் நெசவாளிகள் தறியை நிறுத்தியபோது, இதே அதிகாரி அடிக்கச் சொல்ல நான் அடித்திருக்கிறேன். அவர்கள் மொழியும் தமிழ்தான். அவர்களில் என் மாமனார் இல்லை, அவ்வளவுதான்.

இதை அந்த உள்நாட்டுக்காரனிடம் ஒருமுறை சொன்னேன். கரையில் நின்றவர்களில் தனக்கு ஒருவரையும் தெரியாது என்றான் அவன். பிறகு ஏன் துப்பாக்கியை இறக்கினாய் என்றேன்.

"அவுங்க ஓடல. நின்னுனே இருந்தாங்க. நிக்கிறவன எப்படிச் சுடுறது?" என்றான்.

அன்றிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு அவனையும் என்னோடு உட்கார வைத்துக்கொண்டேன். உள்நாட்டுக்காரன் என்றாலும் மீனை முள்ளெடுத்துச் சாப்பிடச் சீக்கிரமே பழகிவிட்டான்.