ஆர்லிஸின் முத்திரை விழுந்த முப்பத்தொரு துப்பாக்கிகள்

ஆர்லிஸ் குச்செரா அரத்தைக் கையில் எடுத்துவிட்டால் எங்கள் கடையில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். ராணுவ ஆயுதக் கிடங்கில் வேலை பழகியவள். ஊருக்குத் திரும்பி டெல்மர் ப்ரோஹாஸ்காவின் துப்பாக்கிக் கடையில் பத்தொன்பது வருஷம் பழுது பார்த்தாள். நான் அதே கடையில் கவுன்டரில் நின்றேன்.

பிஸ்டல் தவறி வெடிக்காமல் பூட்டி வைக்கும் சின்ன நெம்புகோல்தான் சேஃப்டி. புதிதாக ஒன்றை மாட்டுவது திருகு முடுக்குகிற வேலை இல்லை. அதன் நுனியில் இரும்பைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் தயாரிக்கிறார்கள். உள்ளே, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி ஒன்று இருக்கிறது. துப்பாக்கிக்குத் துப்பாக்கி அது மயிரிழை மாறும். அதற்குத் தகுந்தபடி அந்த நுனியை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி இழுக்க வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு ஆர்லிஸ் அரை நாள் எடுத்துக்கொள்வாள். ஓர் இழுப்பு அதிகமாகிவிட்டால் சேஃப்டி போட்டிருந்தாலும் கொக்கி நழுவும்; அந்தப் பாகத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுப்பாள். டெல்மருக்கு வயிறு எரியும்.

அந்த அக்டோபரில் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். ஐந்து வாரம் விடுப்பு. டெல்மர் எங்கிருந்தோ ஒரு பெட்டி சேஃப்டி வரவழைத்தான். பாக்கெட்டிலேயே ‘அப்படியே பொருந்தும்’ என்று அச்சடித்திருந்தது. மான் வேட்டை சீசன் தொடங்கும் நேரம், கடையில் கூட்டம். பொருந்தாததை அவனே கிரைண்டரில் ஒரு தேய் தேய்த்து மாட்டினான். பத்து நிமிஷத்துக்கு ஒன்று. முடிந்ததை என் பக்கம் தள்ளினான்.

துப்பாக்கியோடு கட்டிக் கொடுக்கும் சீட்டில் குத்துகிற ‘பரிசோதித்தது: ஆ. குச்செரா’ என்ற ரப்பர் முத்திரை என் இழுப்பறையில்தான் இருந்தது.

“அவதான் லீவுல இருக்காளே டெல்மர்?” என்றேன்.

“அதுக்காக கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போகச் சொல்றியா? குத்து ரூத்தி.”

குத்தினேன். முப்பத்தொரு சீட்டு. இதை எழுதும்போதும் என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

ஸ்கூல் பஸ் ஓட்டும் நோரீன் ஸ்டாங் நவம்பர் முதல் வாரம் சுடும் மைதானத்துக்குப் போனாள். துப்பாக்கி உறையில், சேஃப்டி போட்டபடி இருந்தது. உறையில் நுழைக்கும்போது கோட்டின் நாடா ட்ரிகரை இழுத்திருக்க வேண்டும். வெளியே உருவி, சேஃப்டியை எடுத்துவிடக் கட்டைவிரலால் கீழே தள்ளினாள். அவ்வளவுதான். விரல் ட்ரிகரைத் தொடவேயில்லை. குண்டு வலது தொடையில் புகுந்து முழங்காலுக்கு மேல் வெளியே வந்தது.

சீட்டில் இருந்த பெயரைப் பார்த்து, ஷெரீஃப் ஆபீஸ்காரர் ஒருவர் அந்தத் துப்பாக்கியோடு கடைக்கு வந்து ஆர்லிஸைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊன்றுகோலோடு வந்தாள். குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். சுத்தியை இழுத்து நிறுத்தி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். பிறகு சேஃப்டியை மட்டும் கீழே தள்ளினாள். சுத்தி தானாக விழுந்தது. மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் விழுந்தது.

கழற்றி நுனியை விளக்கில் காட்டினாள். “இது அரம் தேச்சது இல்ல. கிரைண்டர் தின்ன தடம்.” சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“நான்தான் குத்தினேன்,” என்றேன்.

டெல்மர் குறுக்கே வந்தான். “ஆர்லிஸ், உள்ளே வா. நாம பேசிக்கலாம்.”

“என்னத்தைப் பேசுறது? என் பேரை வச்சு ஒரு பொம்பளை காலை ஓட்டை போட்டிருக்க.”

“கத்தாத. ஒண்ணு தப்பிப்போச்சு.”

“ஒண்ணா? மீதி எங்க இருக்குனு தெரியுமா உனக்கு? தலைகாணி அடியில இருக்கு. பிள்ளைங்க ஏறுற வண்டியில இருக்கு. வாங்கினவங்க லிஸ்ட்டைக் குடு.”

“வக்கீலைக் கேட்காம குடுக்க முடியாது.”

டெல்மரின் முகத்துக்கு நேரே லிஸ்ட்டை எடுத்து நான் ஆர்லிஸ் கையில் கொடுத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றோடு வேலை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. பாதி ஊர் அங்கே இருந்தது. ஆர்லிஸ் சிரப் பாட்டில்களை ஒதுக்கிவிட்டு மேஜையில் கை ஊன்றி நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள், குரல் நடுங்கியது. கோபத்தில்தான்.

“என் முத்திரையோட அக்டோபர்ல துப்பாக்கி வாங்கிட்டுப் போனவங்க யாரும் அதுல குண்டு போடாதீங்க. அது என் வேலை இல்ல. என் வீட்டு கராஜுக்குக் கொண்டு வாங்க.”

டெல்மரின் மச்சான் பின்னாலிருந்து, “வேலை போன காண்டுல உளறுறா,” என்றான்.

“உன்னுதும் லிஸ்ட்ல இருக்கு. பதினாலாவது. ட்ரிகரை அழுத்திட்டு சேஃப்டியைத் தள்ளிப் பாரு. முதல்ல குண்டை எடுத்துடு, உனக்கு அதையும் சொல்லணும்.”

யாரோ சிரித்தார்கள். அவன் மறுநாள் காலையில் முதல் ஆளாக கராஜுக்கு வந்தான். அவனுடையதிலும் சுத்தி விழுந்தது.

மூன்று வாரத்தில் இருபத்தொன்பது வந்து சேர்ந்தன. பதினொன்று கெட்டவை. நான் லிஸ்ட்டில் பெயரை அடித்துக்கொண்டே இருந்தேன், அவள் அரத்தை இழுத்துக்கொண்டே இருந்தாள். முப்பதாவது நோரீனுடையது. கடைசி ஒன்றை வாங்கியவன் வயோமிங் பக்கம் போய்விட்டான். அவனுக்கு நான்கு கடிதம் போட்டோம். இன்றுவரை பதில் இல்லை. அதை நினைத்தால் ஆர்லிஸ் இன்னும் பல்லைக் கடிப்பாள்.

என்னோடு அவள் பேச ஆரம்பிக்கக் கிறிஸ்துமஸ் ஆயிற்று. அதுவும், “அந்தச் சின்ன அரத்தை எடு,” என்று மட்டும்தான்.

டெல்மர் கடையை விற்றுவிட்டு ஒமஹாவுக்குப் போனான். ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆர்லிஸ் ஒரு பாத்திரம் நிறைய வறுத்த கறியும் நூடுல்ஸும் எடுத்துக்கொண்டு நோரீனைப் பார்க்கப் போனாள். நோரீன் வாசற்படியில் கைத்தடியோடு நின்றுகொண்டு பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

“நீ செய்யலைனு தெரியும்,” என்றாள். “ஆனா உன் பேரைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். உன்னைப் பார்த்தா எனக்கு கால் வலிக்குது ஆர்லிஸ். இனிமே வராத.”

ஆர்லிஸ் திரும்பி நடந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை ஓங்கி ஓங்கிக் குத்தினாள்.