கோயில் சுவரில் போன வயல்

நல்லது செய்யப் போய்க் கெடுத்தவன் என்று என்னைப் பற்றி யாரும் இதுவரை சொன்னதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். தோவாளைப் பக்கம் எங்களுக்கு இருந்தது ஒரே வயல். வீட்டில் நானும் என் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். வருஷம் முழுக்க நாலு வயிற்றுக்கும் அதுதான் சோறு போட்டது.

வயலுக்கு ஒரு குறை உண்டு. அது மேடு. கால்வாய்த் தண்ணீர் வரப்பைத் தொட்டுவிட்டு, உள்ளே ஏறாமல் பக்கத்து வயலுக்குப் போய்விடும். நானும் மனைவியும் எதிரெதிரே நின்று, இறைவட்டியின் கயிற்றைப் பிடித்துத் தண்ணீரை அள்ளி மேலே வீசுவோம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்தில் இரண்டு விளைச்சலுக்கும் இதே பாடு. அவளுக்குத் தோள்பட்டை வீங்கிப்போகும். "மத்த வயலுக்கு வெள்ளம் நடந்து வருது. நம்ம வயலுக்கு மட்டும் நாம தூக்கிக்கிட்டுப் போணும்" என்பாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையில் ஓலைக் கோயிலைப் பிரித்துச் செங்கல் கோயில் கட்டத் தீர்மானித்தார்கள். ஒருவர் மரம் தந்தார், ஒருவர் வண்டி தந்தார். என்னிடம் என்ன இருக்கிறது? உபதேசியார் ஒருநாள் செங்கல் அறுப்பவரைக் கூட்டிக்கொண்டு வயலுக்கு வந்தார். அந்த ஆள் மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"ஒரு முழம் எடுத்தாப் போதும் அண்ணாச்சி. கோயிலுக்குக் கல்லாச்சு. வயலும் தாழும், வெள்ளம் தன்னால கேறும்."

எனக்கு அது ஆண்டவரே அனுப்பிய யோசனையாகப் பட்டது. வீட்டில் சொன்னபோது அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"மேல இருக்கதுதான் மண்ணு. உங்க அப்பாவும் பாட்டாவும் தழையும் சாணியும் போட்டு மெதிச்சதுல்லா? கீழ உள்ளது மஞ்சக் களி. அதுல ஒரு புழு கெடக்காது, பாத்துக்கிடுங்க."

"ஏட்டி, ஆண்டவருக்குக் குடுக்கதுல கணக்குப் பாக்காத" என்றேன்.

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கடவுளைக் காட்டி மனைவியின் வாயை அடைப்பது எளிது. வெட்கமில்லாமல் அதைச் செய்தேன்.

கும்பப்பூ அறுத்த கையோடு வெட்டினார்கள். கருத்த மேல்மண் கூடை கூடையாகப் போயிற்று. பங்குனி வெயிலில் கல் அறுத்துக் காயவைத்துச் சூளையும் மூட்டினார்கள். கோயில் எழுந்தது. பிரதிஷ்டையன்று என் பேரையும் வாசித்தார்கள். தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீரும் ஏறியது, அதை மறுக்கமாட்டேன். மடையைத் திறந்தால் குளம்போல நின்றது. இறைவட்டியைப் பரணில் போட்டேன். ஆனால் நட்ட நாற்று தேறவில்லை. பச்சை மஞ்சளாகி, வந்த கதிரில் முக்காலும் பதர். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அதற்கும் மேலே போய், இருந்த மண்ணையும் வாரிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த விளைச்சலுக்கு உழும்போதுதான் கவனித்தேன். பக்கத்து வயலில் ஏருக்குப் பின்னாலேயே கொக்குகள் நடந்து, புரண்ட மண்ணில் புழு பொறுக்கின. என் ஏருக்குப் பின்னால் ஒன்றுகூட வரவில்லை. கொழு புரட்டிப் போட்டதெல்லாம் பாளம் பாளமாக மஞ்சள் களி. மாட்டை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. காலையில் மற்றவர் வயலில் நடவும் களை பறிக்கவும் போவாள். கூலி நெல் வரும். திரும்பும்போது மலையடிவாரத்தில் ஆவாரையும் கொழுஞ்சியும் ஒடித்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து எங்கள் களியில் போட்டு மிதிப்பாள். ஆடு பயிர் காட்டும், ஆவாரை கதிர் காட்டும் என்பது பழமொழி. எங்கள் ஆவாரை ஒன்றையும் காட்டவில்லை. நானும் கோடை தோறும் குளத்து வண்டலைச் சுமந்து கொட்டினேன். ஒரு சாண் கருத்த மண் உண்டாவது என்ன பாடு என்று அப்போது என் முதுகுக்குத் தெரிந்தது.

கோயிலில் அவள் பெண்கள் பக்கம் சுவரோரமாகவே உட்காருவாள். சுவர் இன்னும் பூசப்படவில்லை. ஜெபத்தின்போது எல்லோரும் கண்ணை மூட, அவள் உள்ளங்கையைச் செங்கல்லில் வைத்திருப்பாள். அதைப் பார்த்த நானும் கண்ணை மூடவில்லைதான். அறுப்பின் பண்டிகையன்று மற்றவர்கள் கதிர்க்கட்டு கொண்டுவந்து வைத்தார்கள். நாங்கள் ஒரு பூசணிக்காய் வைத்தோம். வீட்டுக்கு நடக்கும்போது, ஏன் எப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

"நம்ம வயலுல்லா" என்றாள். "தொட்டுப் பாத்தேன்."

மண் வெட்டிய ஐந்தாம் வருஷம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கஞ்சிக்கு அரிசி பக்கத்து வீட்டில் வாங்கினேன். எட்டு நாளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுப்புப்போலக் கொதித்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

அதற்கடுத்த வருஷம் கன்னிப்பூவுக்கு உழுதுகொண்டிருந்தேன். பின்னால் ஏதோ அசைந்தது. ஒரு கொக்கு. குனிந்து கொத்தி, மண்ணிலிருந்து ஒரு புழுவை இழுத்தது. மாட்டை நிறுத்தினால் பறந்துவிடுமோ என்று பயந்து நிறுத்தாமலே உழுதேன்.

மாலையில் காலைக் கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உள்ளே யாருமில்லை. அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து சுவரில் கை வைத்தேன்.

"ஏட்டி, கொக்கு வந்திருக்கு" என்றேன்.

பகலெல்லாம் வெயில் பட்ட செங்கல் இன்னும் ஆறவில்லை. அவள் கையும் கடைசியில் இப்படித்தான் சுட்டது.