குன்றத்தூர் முதல் சுங்குவார்சத்திரம் வரை: ஒரு பூஸ்டர் சீட், இரண்டு பிள்ளைகள்

போன ஞாயிறு சுங்குவார்சத்திரத்தில் என் நாத்தனார் சுமதியின் புதுவீட்டில் பால் காய்ச்சினார்கள். அண்ணன் வீட்டுச் சீர் வந்த பிறகுதான் அடுப்பில் பால் ஏற வேண்டும். ஆறரை வரைதான் நல்ல நேரம். எங்கள் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் குன்றத்தூரிலிருந்து வாடகைக் கார் சொல்லியிருந்தோம். முப்பது கிலோமீட்டர் சொச்சம். காலையில் ஒரு மணி நேரம் போதும்.

ஐந்தேகாலுக்கு வண்டி வந்தது. பெல்ட் சரியாகப் படிய ஆறு வயது மகள் நிலாவை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட்டோடு பின்கதவைத் திறந்தேன். பெல்ட் தொங்கியது, அதை மாட்டும் பக்கிளைக் காணோம்.

"பின்னாடி எவன் மேடம் பெல்ட் போடறான்? குத்துதுன்றாங்க. அதான் சீட் கவர் உள்ள தள்ளி உட்டுட்டேன். கொயந்தய மடில வச்சிக்கினு வாங்க" என்றார் டிரைவர்.

வல்லம் வடகாலில் நான் வேலை செய்யும் கம்பெனியில் சீட் பெல்ட் தயாராகிறது. ஷிஃப்ட் முழுக்க பக்கிளை மாட்டி, இழுத்துப் பார்த்து அனுப்புவதுதான் என் பிழைப்பு. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் காருக்கு ஏதோ ஒரு பாகம் செய்கிறோம். கார் கைக்கு வந்ததும் முதல் வேலையாக, சீட் அழுக்காகக் கூடாதென்று கவர் போட்டு அதையெல்லாம் மூடிவிடுகிறோம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒருநாள்தானே, மடில வச்சிக்க. சுமதி காத்துக்கினு இருப்பா" என்றார் கணவர். முடியாது என்றேன். டிரைவர் முணுமுணுத்தபடி கவரைக் கழற்ற அரை மணி நேரமானது.

நாங்கள் போனபோது பால் பொங்கி முடிந்திருந்தது. சீர்த்தட்டை வாங்கிய சுமதி என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் அவளும் ஐந்து வயது மகன் கவினும் அதே வண்டியில் எங்களோடு குன்றத்தூர் வருவதாக இருந்தது. பூஸ்டர் ஒன்றுதான். "நான் மடில வச்சிக்கிறேன்" என்றாள், எங்கோ பார்த்தபடி. என் பிள்ளைக்காகப் பிடித்த பிடிவாதத்தை அவள் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தால் அது வெறும் திமிர்தான். கவினை பூஸ்டரில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டு, நானும் நிலாவும் பஸ் ஏறினோம்.

"பஸ்ல ஏம்மா பெல்ட் இல்ல?" என்றாள் நிலா. அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு என்ன எழுதுவதென்று ஜன்னலோரம் யோசித்துக்கொண்டு வந்தேன். வாடகைக் கார் சொல்லும்போதே பின்சீட் பக்கிள் வெளியே இருக்கிறதா என்று கேளுங்கள். பதினாலு வயதுக்குட்பட்டவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என்கிறது சட்டம்; மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஏறக்குறைய நாலே முக்கால் அடி வளரும்வரை பூஸ்டர் தேவைப்படும். கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் தொடையின் மேல்பக்கம் படியட்டும். மேல்பட்டை தோளின் நடுவில் போகட்டும். தூங்கிச் சரிகிற பிள்ளைக்கு எங்களுடையது போல வெறும் அடிச்சீட்டு போதாது, முதுகுக்குச் சாய்மானமும் தலைக்கு அணைப்பும் உள்ளதை வாங்குங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது போன் அடித்தது. சுமதி.

"அண்ணி, கவின் தூங்கிட்டான். சாஞ்சிக்கினு கீறான், பெல்ட்டு கழுத்துல படுது. இன்னா பண்றது?"

"வண்டிய ஓரமா நிறுத்தி, அவன எழுப்பித்தான் சரி பண்ணணும். லேட் ஆகும் சுமதி."

"ஆவட்டும் அண்ணி. சொல்லுங்க."