ஒரு ஜோடி தலையணை உறை

காலை ஐந்தரை மணிக்கு நான் விழித்தபோது முதலில் கண்ணில் பட்டது, இஸ்திரிப் பெட்டிக்குள் சிவந்துகொண்டிருந்த கரி. அத்தை அதை ஊதி, ஈர விரலால் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாய்மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஓட்டினாள். அன்று எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்களோடுதான் இருந்தாள். காசநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் துணிகளைத் தைக்கும் வேலை. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகப் போகலாமே என்று அம்மா பலமுறை சொல்லிப் பார்த்தாள். அத்தை அசையவில்லை. தலையணை உறையின் தையல் கன்னத்தில் உறுத்தாதபடி அதைத் தட்டையாக மடித்துத் தைப்பாள். இருமி இருமி விடிகிற நேரத்தில்தான் அவர்கள் கண் மூடுகிறார்கள், அப்போது ஒரு நூல் உறுத்தினாலும் தூக்கம் போய்விடும் என்பாள்.

“கர்த்தரே வந்து படுக்கப்போறார்னு நெனச்சுத்தான் தைக்கிறேன் அண்ணி. இதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல.”

பண்டிகைக்குத் தோட்டம் உள்ளவர்கள் காய்கறியும், கோழி வளர்ப்பவர்கள் கோழியும் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அவற்றை ஏலம் விடுவார்கள். நிலமில்லாத நாங்கள் மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காய் வாங்கிக் கொடுத்துவிடுவோம். நாங்கள் விதைக்காத பூசணியை ஆண்டவரும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டு வந்தார். அந்த வருடம் போதகர், அவரவர் கைவேலையின் பலனையும் கொண்டுவரலாம் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அது தனக்கென்றே சொன்னதாக அத்தைக்குப் பட்டது. கடையில் புது லாங்கிளாத் வாங்கி, ஆஸ்பத்திரிக்குத் தைப்பது போலவே ஒரு ஜோடி தலையணை உறை தைத்தாள். தன் வேலை பீடத்தின் முன் இருக்கப்போகிறது என்பதைத் தவிர அந்த வாரம் அவளுக்கு வேறு பேச்சில்லை.

ஏலம் விட்டவர் ஒரு ஹெட்மாஸ்டர். ஒரு கோழியைத் தூக்கிக் காட்டி, இது ஓய்வுநாளை அனுசரிக்கிற கோழி, ஞாயிற்றுக்கிழமை முட்டை போடாது என்றார். விலை ஏறியது. டெய்லர் ஒருவர் கொண்டுவந்த கவுனுக்கு இரண்டு குடும்பங்கள் போட்டி போட்டன. பிறகு அத்தையின் உறைகள் வந்தன.

“சுத்தமான லாங்கிளாத். நம்ம அக்கா தைச்சது. யாராவது கேளுங்க.”

யாரும் கேட்கவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டாவது கேளுங்கள் என்று முன்வரிசைப் பெண்களிடம் நீட்டினார். அவர்கள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

“வார்டு நம்பர் எதுனா போட்டுக்கீதா பாரு சார்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

படைத்த வீட்டாரே ஏலத்தில் எடுப்பது எங்கள் கோயிலில் வழக்கமில்லை. ஆனால் அப்பா கை தூக்கினார். ஹெட்மாஸ்டர் ஒருதரம், இரண்டுதரம் என்றுகூடச் சொல்லாமல் உறைகளை மடித்து அவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்திருந்த வாழைத்தாரைத் தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கொல்லை அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றினாள். தண்ணீர் கொதித்ததும் சலவைச் சோடாவைப் போட்டு, காலையில் இஸ்திரி போட்ட அந்த உறைகளைக் குச்சியால் உள்ளே அமுக்கினாள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும் என்று என்னிடம் சொன்னாள்.

அத்தை பண்டிகைப் புடவையை மாற்றிக்கொண்டு, முகம் கழுவக் கிணற்றடிக்கு வந்தாள். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“சோடாவைக் கொறைச்சுப் போடுங்க அண்ணி. ஆஸ்பத்திரித் துணிக்கே நாங்க இவ்வளவு போட மாட்டோம். நைஞ்சிடும்.”

அம்மா குச்சியால் இன்னொரு முறை அமுக்கினாள். அத்தை குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள். வெள்ளைத் துணியை வெளுப்பதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் காலை அத்தை வழக்கமான நேரத்துக்கு வேலைக்குக் கிளம்பினாள்.

உறைகள் காய்ந்ததும் டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போயின. பல வருடங்கள் கழித்து அத்தை மாரடைப்பில் இறந்த அன்று, அவற்றில் ஒன்றை எடுத்து, சவப்பெட்டியில் அவள் தலைக்கு வைத்த தலையணைக்கு மாட்டினோம்.