ரேணிகுண்டா ரோட்டில் என் அமெரிக்கா

நகரியை விட்டு நாங்கள் திருப்பதிக்குக் குடிபோனது, எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் படித்துவிட்டு வெளிநாட்டுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலத்தில். எங்கள் ஒரே மகனும் அப்போது அமெரிக்காவில் இருந்தான். நாலு பவர்லூம் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு, ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கம் இழுத்துவிட்டது. சென்னையில் வைத்துப் பார்த்தோம். உயிர் பிழைத்தார். ஆனால் பேச்சு குழறியது, நடை போய்விட்டது.

வீட்டுக்குக் கூட்டிவந்து எட்டு மாதம் நானேதான் பார்த்தேன். ஒத்தாசைக்கு வந்தவர்களையும் கிட்டே விடவில்லை. வீம்பு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. அவரைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போனது. அதுகூடப் பரவாயில்லை, அவர் முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டது. லீவு போட்டு வந்த மகன் அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டு, வாசலில் போய் நின்று அழுதான். இந்த உடம்போடு அவ்வளவு தூரம் விமானத்தில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் எங்கெங்கோ விசாரித்து, திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தான். வயதானவர்களுக்கென்றே கட்டிய சின்னச் சின்ன வீடுகள், பொதுச் சமையல், எந்நேரமும் நர்ஸ்.

"நீயும் நைனாவும் ஒண்ணாவே இருக்கலாம்மா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின வருடம்தான் எங்கள் தெருக்கோடி வீட்டில், பிள்ளைகள் வெளியூர் போனதால் தாயாரை ஒரு ஹோமில் சேர்த்தார்கள். அன்றைக்குத் தண்ணீர்க் குழாயடியில் நின்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "பெத்தவள ஹோமுல தள்ளிட்டு இவங்களுக்கு சோறு எப்டிதான் எறங்குதோ!" என்று கேட்டேன். அந்த வீட்டு மருமகள் குடத்தைப் பாதி நிரம்பியபடியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இப்படி வாய் கிழியப் பேசிவிட்டு, இப்போது அதே தெருவில் எந்த முகத்தோடு நான் சொல்வது?

அதனால் ஒரு பொய் சொன்னேன். மகன் எங்களை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மகன் தலையில் அடித்துக்கொண்டான். "உன் மானத்துக்காகத்தான்டா" என்று அவன் வாயை அடைத்தேன். உண்மையில் நான் காப்பாற்றப் பார்த்தது என் மானத்தை.

எதிர்வீட்டுக்காரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என்னைவிட நாலு வயது சின்னவள். முப்பது வருடமாக என்னை அக்கா என்றும் இவரை மாமா என்றும் கூப்பிடுகிறவள். குழாயடியில் நான் சத்தம் போட்டபோது பக்கத்தில் நின்றிருந்தவளும் அவள்தான். நாங்கள் கிளம்புகிற அன்று வீட்டுச் சாவியையும் பீரோ சாவியையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "தொளசிக்கு நான் தண்ணி ஊத்திக்கினு இருக்கறேன், நீ கவலப்படாத. அந்த ஊர்ல இதெல்லாம் கெடைக்காதுக்கா" என்று ஒரு பெரிய பாட்டில் நிறைய எலுமிச்சை ஊறுகாயைக் கையில் கொடுத்தாள். அமெரிக்காவுக்கென்று அவள் கொடுத்த ஊறுகாய், புத்தூர் தாண்டி இரண்டு மணி நேரத்தில் திருப்பதி போய்ச் சேர்ந்தது.

கிளம்பும்போது நான் இன்னொரு காரியமும் செய்தேன். புதுவீட்டுக்குப் போகிறபோது விளக்கு, உப்பு, மஞ்சள்தானே முதலில் போக வேண்டும்? சென்னை ஆஸ்பத்திரியில் பச்சைப் பையில் போட்டுக் கொடுத்த ஃபைலையும் அவற்றோடு சேர்த்தே வைத்திருந்தான் மகன். விளக்கோடு நோயையும் கூடவே கூட்டிப்போவதா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. அவன் பார்க்காதபோது அந்தப் பச்சைப் பையோடு எடுத்து பீரோவின் கீழ்த்தட்டில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நோய் நகரியோடு நின்றுபோகட்டும் என்று நினைத்தேன். புது இடத்தில் சேர்க்கும்போது ஃபைலைக் கேட்டார்கள். பையைத் துழாவிப் பார்த்துவிட்டு மகன் விழித்தான். "வழியில எங்கயோ விட்டுட்டோம்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார்கள். புது இடத்தில் முதல் நாளே அபசகுனமாகப் பேசுவானேன் என்று, ஒன்றுமில்லை என்றேன்.

அங்கே இருந்த நர்ஸம்மா சித்தூர்ப் பக்கத்துப் பெண். வாய் நிறையத் தெலுங்கு, நடுநடுவே நம் தமிழ். வந்த அன்றைக்கே இவர் முதுகைப் பார்த்தாள். என்னைக் குறை சொல்வாள் என்று காத்திருந்தேன். "ஒக்கரே, தனியாவே எட்டு மாசம் பாத்திங்களா? செய்யி குடுங்கம்மா" என்று என் கைகளை வாங்கித் தடவிவிட்டாள். நான் உடைந்துபோய் அழுதேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள், புண்ணைக் கழுவி மருந்து கட்டினாள். மூன்று மாதத்தில் புண் ஆறிப் புதுத்தோல் வந்தது. நானும் வேளைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன். சாயந்திரம் தோட்டத்தில் இவருக்குக் கஞ்சி ஊட்டும்போது சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரே குறை, வாசலிலேயே பஸ் ஸ்டாப். காலையிலிருந்து சத்தம் ஓயாது.

மாதம் ஒருதரம் ஆபீஸ் அறையிலிருந்து எதிர்வீட்டுக்காரிக்குப் போன் செய்வேன், அமெரிக்காவிலிருந்து! அவள் வீட்டில் இருந்தது நம்பர் காட்டாத பழைய போன், அதனால் எனக்குத் தைரியம். கூத்தைக் கேளுங்கள், நகரியில் பகல் என்றால் அங்கே ராத்திரி என்று மகன் சொல்லிவைத்திருந்தான். அதனால் பட்டப்பகல் பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கமாகக் குரலை இழுத்துப் பேசுவேன்.

"இன்னாக்கா, தூங்காம இன்னா பண்ணிக்கினு இருக்க? மாமா துன்னாரா?" என்று கேட்பாள்.

சித்திரை மாதத்தில் ஒருதரம், இங்கே பனி கொட்டுகிறது, கை விறைக்கிறது என்று அளந்துவிட்டேன். பிறகு மகனிடம் கேட்டால், அவன் ஊரில் அப்போது நம் ஊர் போலவே வெயிலாம். எதிர்வீட்டுக்காரி அதையும் நம்பி, "காதுக்கு மப்ளர் கட்டிக்கோக்கா" என்றாள். பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் இப்படியே போனது. ஒருநாள் காலையில் இவருக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மூச்சு இரைத்தது. டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, உடனே ஊசி மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். நர்ஸம்மா மருந்தைக் கையில் எடுத்தவள், என் முகத்தைப் பார்த்து நின்றாள். வழக்கமாகக் கேட்கிற கேள்வியை மறுபடியும் கேட்டாள்.

"அம்மா, எந்த மருந்தும் அவருக்கு ஒத்துக்காம போனதில்லதானே? பாகா, நல்லா யோசிச்சு சொல்லுங்க."

சென்னையில் ஓர் ஊசி போட்ட கால் மணி நேரத்தில் இவர் முகம் வீங்கி, மூச்சு நின்று, நாலு பேர் ஓடிவந்து காப்பாற்றியது கண்முன்னே வந்தது. அந்த மருந்தின் பெயரை ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெயர் எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஆகண்டி சார்!" என்று நர்ஸம்மா டாக்டரை நிறுத்திவிட்டாள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "இப்போதைக்கு ஆக்சிஜன் வைக்கிறேன், குளுகோஸ் ஏத்தறேன். எது ஒத்துக்காதுன்னு தெரியாம இவருக்கு எதையும் போட எனக்கு பயமா இருக்கு. சீக்கிரம் ஃபைலை வரவைங்க" என்றார். சென்னைக்குப் போன் போட்டார்கள். பழைய ரெக்கார்டைத் தேடி எடுக்க இரண்டு நாளாகும் என்றார்கள் அங்கே.

ஃபைல் பீரோவில். பீரோ பூட்டிய வீட்டில். சாவி எதிர்வீட்டுக்காரியின் முந்தானையில். நான்தான் அமெரிக்காவில் இருக்கிறேனே!

ஆபீஸ் அறைக்குப் போனேன். வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் வேறு யாரையாவது அனுப்பிச் சாவி வாங்க முடியுமா, மகன் பெயரைச் சொல்லிச் சமாளிக்க முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். உள்ளே மனிதர் மூச்சுக்குத் தவிக்கிறார், நான் மானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சீ என்று போனை எடுத்தேன்.

"பீரோல கீழ்த்தட்டுல ஆஸ்பத்திரி ஃபைல் இருக்குது. பொடவைங்க அடியில. மாமாவுக்கு ரொம்ப முடியல. நான் இப்ப... நான் வந்து..." என்று அழுதுவிட்டேன்.

"பச்ச பையில நீ வச்சிருந்தியே, அதானே? இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது, யாரையாச்சும் படிக்கச் சொல்லி தப்பா சொல்லிடப் போறாங்க. நானே எடுத்துக்கினு வந்துட்றேன். நீ போன வச்சிட்டு மாமா பக்கத்துல போயி உக்காரு" என்று சொல்லி, அவளே போனை வைத்துவிட்டாள்.

கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் கழித்து நர்ஸம்மா, "அட்ரஸ் சரியா சொன்னிங்களா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அட்ரஸ் சொல்லவேயில்லை. எந்த ஊரில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. பதறிக்கொண்டு ஓடிப்போய் மறுபடியும் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கிளம்பிவிட்டாள்.

எங்கே கிளம்பினாள்? ஏழுமலையானை வேண்டிக்கொண்டு உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். இவர் மூச்சிரைப்பு கூடிக்கொண்டே போனது. மதியம் ஒரு மணி சுமாருக்கு வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. பச்சைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் இறங்கினாள். யாரையும் வழி கேட்கவில்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "மொதல்ல இத குடு" என்றாள்.

டாக்டர் முதல் பக்கத்தைத் திருப்பினார். நிமிர்ந்து நர்ஸம்மாவைப் பார்த்தார். காலையில் அவர் போடச் சொன்னது அந்தச் சிவப்பு மை மருந்தைத்தான். வேறு மருந்து ஏற்றினார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் இவர் கண்ணைத் திறந்து, எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் குழறலாக, "எப்ப வந்த?" என்று கேட்டார்.

"அமெரிக்கா எப்டி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மாமா" என்றாள் அவள்.

அன்றைக்குத்தான் அவளிடம் கேட்டேன், உனக்கு எப்போது தெரியும் என்று. ரெண்டாவது போனிலேயே தெரியுமாம். "நீ பேசிக்கினு இருக்கும்போது பின்னால ஒருத்தன் 'ரேணிகுண்டா, ரேணிகுண்டா'ன்னு கத்தறான். அமெரிக்காவுலகூடவா அந்த கண்டக்டர் இருப்பான்?" என்று சிரித்தாள். எங்களுக்கு என்ன கஷ்டமோ என்று பயந்துபோய், ரேணிகுண்டா பஸ் ஓடுவது திருப்பதியில்தானே என்று ஒருநாள் இங்கே வந்து அந்த ரோடு முழுக்க விசாரித்திருக்கிறாள். கடைசியில் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறாள்.

"மாமாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கினு, நர்ஸோட நீ சிரிச்சிக்கினு இருந்தக்கா. நகரியில கடைசி எட்டு மாசத்துல நீ ஒரு நாளும் சிரிச்சு நான் பாக்கல. நல்லாதான் இருக்கான்னு திரும்பிட்டேன். உள்ள வந்திருந்தா உனக்குத்தான சங்கடம்?"

அதற்குப் பிறகும் பத்து மாதம், அங்கே பனியா, ராத்திரியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் யாராவது சந்தேகமாகப் பேசினால், "நேத்துதான் எனக்கு அமெரிக்காவுல இருந்து போன் வந்துச்சு" என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். யாரை நான் வெகுளி என்று நினைத்தேன், பாருங்கள்!

"தெருவுல இனிமே இன்னா சொல்லட்டும்?" என்று கேட்டாள் கிளம்பும்போது. "இருக்கிறத சொல்லிடு" என்றேன். மறுவாரம் தெருக்கோடி வீட்டு மருமகளுக்கு நானே போன் செய்து, குழாயடியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "மாமா எப்டி இருக்கார்?" என்று கேட்டாள் அவள்.

என் கணவர் அதற்கப்புறம் நாலு வருடம் இருந்தார், முதுகில் ஒரு புண் இல்லாமல். நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி மாதம் ஒருதரம் ஊறுகாய் பாட்டிலோடு வருகிறாள். ஜன்னலுக்கு வெளியே "ரேணிகுண்டா, ரேணிகுண்டா" என்று சத்தம் கேட்கும்போதெல்லாம், நான் பொய் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அதைத் தெரிந்துகொண்டே, என்னைத் தலைகுனிய விடாமல் போனின் அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பது நினைவுக்கு வந்து கை தானாகக் கும்பிடுகிறது.